ஹொய்லேக்கில் ஒருவருக்கு 82, ஒருவருக்கு 68

2023 ஜூலை 20, வியாழக்கிழமை. லிவர்பூலுக்கு அருகே ஹொய்லேக்கில் ஓபன் கோல்ஃப் போட்டியின் முதல் நாள். கிள்ளான் பள்ளத்தாக்கில் கோப்பை தூக்கிய இரண்டு பேர் அன்று களமிறங்கினார்கள். ஜஸ்டின் தாமஸ் 82 அடிகளில் சுற்றை முடித்தார். ஷுபங்கர் சர்மா 68. ஒரே மைதானத்தில், ஒரே நாளில், 14 அடி வித்தியாசம்.

இருவரையும் நம்மூர் ரசிகர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். புக்கிட் கியாராவில் நடந்த சிஐஎம்பி கிளாசிக்கைத் தாமஸ் 2015, 2016 என்று அடுத்தடுத்து இரண்டு முறை வென்றார். முதல் வெற்றியில் அவர் கணக்கு சமநிலைக்கு (பார்) 26 அடி குறைவு. சர்மா 2018 பிப்ரவரியில், சுபாங் விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் சவ்ஜானாவில் மேபேங்க் போட்டியை வென்றார். கடைசி நாளில் 62 அடித்து, முன்னால் இருந்தவர்களையெல்லாம் தாண்டிப் போன ஆட்டம் அது. அப்போது அவருக்கு வயது 21.

2023 பருவத்தில் தாமஸ் ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஹொய்லேக்குக்கு முந்தைய மாதம் அமெரிக்க ஓபனிலும் 81 அடித்தவர்தான். ஆனாலும் ஃபார்ம் போய்விட்டது என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் ஹொய்லேக் என்ன கேட்கிறது என்பது தெரியாமலே போய்விடும். கோலாலம்பூரில் வளரும் இளம் ஆட்டக்காரர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

ஹொய்லேக் மைதானத்தின் ராயல் லிவர்பூல் கிளப் 1869இல் ஒரு குதிரைப் பந்தயத் திடலில் தொடங்கியது. நம் ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் 1893. வயதில் பெரிய இடைவெளி கிடையாது. மண்ணில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஹொய்லேக் இருப்பது டீ ஆற்று முகத்துவாரத்தில், காற்று குவித்த மணல்மேட்டுக்குப் பின்னால். மழை பெய்தாலும் மணல் தண்ணீரை உறிஞ்சிவிடும். சத்தில்லாத அந்த மண்ணில் ஊசி போன்ற மெல்லிய புல்தான் முளைக்கும். கோடை கொஞ்சம் காய்ந்தாலே தரை இறுகிப் பழுப்பேறிவிடும்.

சிலாங்கூருக்கும் நீளமான கடற்கரை உண்டு. ஆனால் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கேரித் தீவு வரை போய்ப் பார்த்தால் ஆறு கொண்டுவந்து கொட்டிய சேறும் அலையாத்திக் காடும்தான். மணல்மேடு எழும்பவே வழியில்லை. இங்கே கோல்ஃப் மைதானங்கள் பெரும்பாலும் உள்நாட்டுக் களிமண்ணில், பழைய ரப்பர், செம்பனைத் தோட்ட நிலங்களில், ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழையில் உருவானவை. புல் தடித்துப் படர்ந்திருக்கும். பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும்.

ஆட்டம் மாறுவது இந்த இடத்தில்தான். கொடிக்கு 140 கெஜம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சவ்ஜானாவில் நல்ல ஆட்டக்காரர் ஒன்பதாம் எண் இரும்பையோ வெட்ஜையோ எடுத்து, பந்தை உயரத் தூக்கிக் கொடியருகே இறக்குவார். கிரீனில் ஒரு சின்னக் குழி விழும், பந்து நின்றுவிடும். ஹொய்லேக்கில் அதே தூரத்தை எதிர்காற்றில் அப்படி அடித்தால், பந்து மேலே போய்த் திணறிப் பாதி வழியில் விழும். பின்காற்றில் அடித்தால், கிரீனில் குதித்துப் பின்பக்கப் புதரில் போய் ஒளிந்துகொள்ளும். அங்கே ஆறாம் எண் இரும்பைக் கையில் எடுத்து, பிடியைத் தாழ்த்தி, பந்தைப் பின்காலை நோக்கித் தள்ளி வைத்து, அரை வீச்சில் அடிக்க வேண்டும். கிரீனுக்கு 20, 25 கெஜம் முன்னாலேயே பந்து தரை தொட வேண்டும். மிச்ச தூரத்துக்கு மேடு பள்ளம்தான் பொறுப்பு.

இதற்கு எடுத்துக்காட்டு 2006இல் இதே மைதானத்தில் டைகர் உட்ஸ். வறண்ட கோடை, ஃபேர்வே காய்ந்து கிடந்தது. நான்கு நாள், 72 குழிகள், டிரைவரை எடுத்தது ஒரே ஒரு முறை. உலகிலேயே நீளமாக அடிக்கக்கூடியவர்களில் ஒருவர் அந்தப் பலத்தைப் பைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, நீண்ட இரும்பால் மணல் பங்கர்களுக்கு முன்னாலேயே பந்தை நிறுத்தினார். சமநிலைக்கு 18 அடி குறைவாக முடித்துக் கோப்பையை வாங்கினார். இவ்வளவு கட்டுப்பாட்டோடு ஆடிய கோல்ஃப் மிக அரிது.

பங்கர்களைத் தவிர்க்க அவர் ஏன் அத்தனை பாடுபட்டார்? நம்மூர்ப் பங்கர் சரிவான தட்டு மாதிரி. மணல் வெட்ஜை எடுத்தால் வெளியே வந்துவிடலாம். அங்கே புல்கட்டிகளை வெட்டி அடுக்கடுக்காக வைத்துச் செங்குத்துச் சுவரே எழுப்பியிருப்பார்கள். 2023இல் முதல் நாள் பங்கர்களின் அடித்தளம் தட்டையாக இருந்தது. உருண்ட பந்து நேராகச் சுவரடியில் போய் ஒட்டிக்கொண்டது; முன்னால் அடிக்க வழியில்லாமல் பக்கவாட்டிலும் பின்னாலும் அடித்து வெளியேறினார்கள். நடத்துபவர்களே அன்றிரவு ஓரங்களில் மணலை உயர்த்திச் சரி செய்யும் அளவுக்கு நிலைமை இருந்தது. போதாததற்குப் பதினெட்டாம் குழியில் வலப்பக்கம் நெடுக, மைதானத்துக்கு உள்ளேயே எல்லைக்கோடு, தாண்டினால் தண்டனை. அந்தக் குழியில் தாமஸ் எடுத்தது 9.

சர்மா அந்த வாரம் அடித்தவை 68, 71, 70, 70. எட்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஓபனில் இந்தியர் ஒருவர் எட்டிய மிக உயர்ந்த இடம் அது. சவ்ஜானாவின் 62 போல மின்னிய சுற்று ஒன்றுகூட இதில் இல்லை. ஆனால் நான்கு நாளிலும் சரிவே இல்லை. சவ்ஜானாவைவிட இந்த எட்டாம் இடமே அவருடைய பெரிய சாதனை என்பது இந்தப் பத்தியின் கணிப்பு. கோப்பையை வென்ற பிரையன் ஹார்மனும் நீள அடிக்காரர் அல்ல. கொட்டும் மழையில் பட்டரை நம்பி ஆறு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அவர் இடது கைக்காரர். ஓபனை முதன்முதலில் வென்ற இடது கைக்காரர் நியூசிலாந்தின் பாப் சார்ல்ஸ். 1963, லிதம் மைதானம்.

அதே 1963 லிதமில் 13ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட ஒருவரை நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். சவ்சங்கர் 'பாப்வா' சிவ்கோலம், தென்னாப்பிரிக்காவின் தர்பன் நகர இந்தியர். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் சமூகம் அது. கடலோர பீச்வுட் மைதானத்தில் பிறர் பையைச் சுமந்த கேடி. எவரும் கற்றுக்கொடுக்காததால் இரண்டு கையையும் மாற்றிப் பிடித்தார். இடது கை மேலே, வலது கை கீழே இருக்க வேண்டிய இடத்தில் இடம் மாறி நிற்கும் அந்தப் பிடியோடுதான் 1959, 1960, 1964 ஆண்டுகளில் டச்சு ஓபனை வென்றார். 1963 ஜனவரியில் நட்டால் ஓபனை வென்றபோது, வெள்ளையர் கிளப்புக்குள் நுழைய அனுமதியில்லாமல் கொட்டும் மழையில் வெளியே நின்று கோப்பையை வாங்க வேண்டியிருந்தது. பிறகு சொந்த நாட்டுப் போட்டிகளின் கதவையும் நிறவெறி அரசு சாத்தியது. 1978இல் இறந்தார். இந்தியப் பெருங்கடல் காற்றிலேயே ஆட்டம் பழகியவருக்கு லிதம் காற்று அந்நியமாக இருந்திருக்காது.

மலேசியாவிலும் உலகக் கோப்பை வரை போய் நாட்டுக்காக ஆடிய எம். ராமையா, பி. குணசேகரன் போன்ற தமிழ் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். இன்று கோலாலம்பூரில் பயிற்சி பெறும் பிள்ளைகளில் பலர் பிளாஸ்டிக் பாயில் நின்று, வலைக்குள் பந்தை உயர உயர அடித்துப் பழகுகிறார்கள். தூரத்தை அளக்கக் கருவி இருக்கிறது. காற்றை அளக்கவோ, தரையில் பந்தை உருட்டவோ வாய்ப்பே இல்லை. இதை மாற்ற லிவர்பூல் போக வேண்டியதில்லை. மழையில்லாத வாரத்தில், தரை ஓரளவு இறுகியிருக்கும் மாலையில், கிரீனுக்கு 40 கெஜம் வெளியே பிள்ளைகளை நிறுத்தி வெட்ஜைப் பிடுங்கி வைத்துவிடலாம். ஏழாம் எண் இரும்பும் பட்டரும் மட்டும் கையில் இருக்கட்டும். மோரிப் பக்கம் கடற்காற்று வீசும் பிற்பகல்களும் வீணாகத்தான் போகின்றன.

ஓபனின் கடைசிக் குழு கிளம்புவது மலேசிய நேரப்படி ஞாயிறு இரவு ஒன்பது மணி வாக்கில். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் சாப்பாட்டை முடித்துக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்கார வசதியான நேரம். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, பந்து எங்கே நிற்கிறது என்பதை விட்டுவிட்டு முதலில் எங்கே தரை தொடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.