‘தி ஆஃபர்’ நாடகத்தில் பேச்சு வழக்கு: மொழிபெயர்ப்பாளர் நோக்கில் ஒரு திறனாய்வு

1962 சனவரி 5 ஆம் நாள் பி.பி.சி. தொலைக்காட்சியின் ‘காமெடி பிளேஹவுஸ்’ என்னும் தனிநாடக வரிசையில் ‘தி ஆஃபர்’ ஒளிபரப்பாயிற்று. ரே கால்ட்டன், ஆலன் சிம்ப்சன் ஆகிய இருவரும் இணைந்து எழுதிய இந்நாடகமே பின்னர் ‘ஸ்டெப்டோ அண்டு சன்’ என்னும் தொடராக வளர்ந்து 1974 வரை நீடித்தது. தொழிலாளர் வாழ்வைக் காட்டும் பிரித்தானிய நகைச்சுவைத் தொடர்களுள் இதற்குத் தனியிடம் உண்டு. இதனை வர்க்க முரண் பற்றிய நாடகமாகக் கொள்வது பொருத்தமே. எனினும் அம்முரண் இரு மாந்தரிடையே நிகழ்வதைக் காட்டிலும் ஒரே மாந்தனின் பேச்சுக்குள்ளேயே மிகுதியும் நிகழ்கிறது என்பதும், தமிழில் பெயர்ப்போர் முதலில் இழந்துவிடக் கூடியது அதுவே என்பதும் இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

கதை மிகச் சிறிது. இலண்டன் செப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் குதிரை வண்டி வைத்துப் பழம்பொருள் சேகரித்துப் பிழைப்பவர்கள் தந்தை ஆல்பர்ட்டும், முப்பது வயதைக் கடந்த, மணமாகாத மகன் ஹெரால்டும். மகனுக்கு வெளியிலிருந்து ஓர் ‘ஆஃபர்’ வந்திருக்கிறது. வீட்டை விட்டுப் போவதாகச் சொல்லித் தன் உடைமைகளை வண்டியில் ஏற்றுகிறான். குதிரையைத் தர மறுக்கிறார் தந்தை. தானே இழுத்துப் பார்க்கிறான், வண்டி அசையவில்லை, உடைந்து அழுகிறான். தந்தை அவனை ஆற்றி உள்ளே அழைத்துச் செல்கிறார்.

அவர்தம் தொழிலின் ஆங்கிலப் பெயர் ‘கந்தலும் எலும்பும்’ என்று பொருள்படும். கந்தல் காகித ஆலைக்கும், எலும்பு பசை காய்ச்சவும் கத்திப்பிடி செய்யவும் சென்ற காலத்தின் பெயர் அது. தமிழில் ‘காயலான் கடைக்காரர்’ என்பது உடனே நினைவுக்கு வரும். ஆனால் அது கடையில் இருப்பவரைக் குறிக்கும். தெருவில் கூவிச் செல்பவரைக் குறிக்காது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவரே ஹெரால்டுக்கு நெருங்கிய உறவினர். ‘பழைய சாமான்காரர்’ என்பதே போதும்.

சிக்கல் பெயரில் இல்லை, ஒலியில் உள்ளது. இலண்டன் தொழிலாளர் பேச்சில் சொல்முதல் ஹகரம் மறையும். தந்தை மகனை அழைக்கும்போதெல்லாம் ‘ஹெரால்டு’ என்பது ‘ஆரல்டு’ போல ஒலிக்கிறது. வீட்டை விட்டு மேலேற விரும்புகின்ற மகனை, அவனுடைய பெயரைக் கொண்டே கீழே இழுத்து வைக்கும் அழைப்பு அது. இதனைத் தமிழில் எழுத்துக்கு எழுத்து காட்ட முற்பட்டால் விந்தையானதொரு விளைவு நேரும். தமிழ் எழுத்து வழக்கில் ஹகரத்தை நீக்குவது தாழ்வின் அடையாளமன்று. ‘அனுமன்’ என எழுதுவோர் மரபைப் பேணுவோராகவே கொள்ளப்படுவர். ஆங்கிலத்தில் கல்லாமையைச் சுட்டும் ஒலிக்கேடு தமிழில் தனித்தமிழ்ப் பற்றாகத் தோன்றிவிடும். ஒலி ஒத்திருப்பினும் அதன் சமூக மதிப்பு தலைகீழாகிவிடுகிறது. ஒலிநிகர் தேடாமல் பயன்நிகர் தேட வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

நடித்த இருவருமே இலண்டன்காரர் அல்லர் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஆல்பர்ட்டாக நடித்த வில்ஃபிரிட் பிராம்பெல் டப்ளினில் பிறந்தவர். ஹெரால்டாக நடித்த ஹாரி எச். கார்பெட் 1925 இல் இரங்கூனில் பிறந்து மான்செஸ்டரில் வளர்ந்தவர். நாம் கேட்பது களஆய்வில் பதிவு செய்த கிளைமொழியன்று. செய்து கொண்ட மொழி. மொழிபெயர்ப்பாளரும் அத்தகைய உரிமையை எடுத்துக்கொள்ளலாம்.

ஹெரால்டு படித்தவர் சொற்களை ஆசையோடு எடுத்தாள்பவன். ஒரு தொடரின் தொடக்கத்தில் வாய் உயரும். சினம் வந்ததும் பழைய வழக்குக்கே சரியும். இவ்வேற்ற இறக்கத்திற்குத் தமிழின் இரட்டை வழக்கைப் பயன்படுத்தி, மகனுக்குச் செந்தமிழும் தந்தைக்குச் சேரித்தமிழும் தருவது எளிய வழி. அது தவறான வழியுமாகும். ஆங்கிலத்தின் உயர்வழக்கை வீட்டில் பேசும் குடும்பங்கள் உண்டு. தமிழின் எழுத்து வழக்கை அடுப்பங்கரையில் பேசும் குடும்பம் இல்லை. வீட்டில் செந்தமிழ் பேசும் மாந்தர் நம் மேடையிலும் திரையிலும் கோமாளிகளாகவே பழகியவர்கள். ஹெரால்டு கோமாளியாகிவிட்டால் இறுதிக் காட்சியில் அவன் அழுவதை யாரும் நம்பமாட்டார்கள். பேச்சு வழக்கின் இலக்கணத்தை அப்படியே வைத்துக்கொண்டு, செய்தித்தாளில் படித்த சொல் ஒன்றிரண்டை அதற்குள் இடுவதே அவனுக்கு ஏற்ற நடையாகும்.

முன்னிலைச் சொல்லும் அத்தகையதே. ஆங்கிலத்தில் ஒன்றேயானது தமிழில் ‘நீ’, ‘நீங்கள்’ எனப் பிரிகிறது. உழைக்கும் குடும்பங்கள் பலவற்றில் மகன் தந்தையை ‘நீ’ என்பது இயல்பு. அதில் அவமதிப்பு இல்லை. எனவே ‘நீ’யே அடிப்படை. கிண்டல் முற்றும்போது மட்டும் ‘நீங்க’ வரலாம். மரியாதைப் பன்மையை அம்பாக எய்யும் வழக்கம் தமிழில் உண்டு. மூலத்தில் இல்லாத இவ்வசதியை விட்டுவிடத் தேவையில்லை.

பிறமொழியினர் இத்தொடரைப் பெரும்பாலும் தழுவியே எடுத்தனர். நெதர்லாந்தில் ‘ஸ்டீஃப்பேன் என் சோன்’ ஆகவும், சுவீடனில் கோட்டெபோரி நகரப் பேச்சோடு ‘ஆல்பர்ட் ஓ ஹெர்பர்ட்’ ஆகவும், அமெரிக்காவில் 1972 முதல் ‘சான்ஃபோர்டு அண்டு சன்’ ஆகவும் அது உருமாறியது. அமெரிக்கர் களத்தை லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதிக்கு மாற்றிக் கறுப்பினத் தந்தை மகனாக்கினர். அங்கு வர்க்கத்தின் இடத்தில் இனம் வந்தமர்ந்தது; சிரிப்பு கூடிற்று, மூச்சுமுட்டல் குறைந்தது. சுவீடியர் ஊர்ப்பேச்சைத் தேர்ந்தது எனக்கு மேலான முடிவாகத் தோன்றுகிறது.

இறுதிக் காட்சியில் ஹெரால்டின் கடன் வாங்கிய சொற்கள் உதிர்ந்துவிடுகின்றன. போக முடியவில்லை என்பது மட்டும் சிறு தொடர்களாக எஞ்சுகிறது. கார்பெட் மெய்யாகவே கண்ணீர் விட்டது தங்களை வியப்பில் ஆழ்த்தியதாக ஆசிரியர்கள் பின்னர் கூறியுள்ளனர். அப்போது தந்தை, இன்னும் நல்ல ‘ஆஃபர்’ வரும்வரை தன்னோடு இருக்குமாறு சொல்கிறார். தலைப்புச் சொல் அவர் வாயில் திரும்பி வருகிறது. இதனை ‘வாய்ப்பு’ எனப் பெயர்த்தால் வெறும் ஆறுதலாகிவிடும். பழம்பொருள் வணிகத்தில் ‘ஆஃபர்’ என்பது ஒருவர் கேட்கும் விலை. வந்த விலைக்கு விற்காமல் காத்திருப்பது வணிகரின் பழக்கம். தமிழில் ‘கேள்’ என்னும் வினை ஆளையும் கேட்கும், பெண்ணையும் கேட்கும், விலையையும் கேட்கும். தொடக்கத்தில் மகன் ‘என்னைக் கேட்டிருக்காங்க’ என்று சொல்லட்டும். முடிவில் தந்தை, ‘நல்லா கேக்கறவங்க வருவாங்க, இரு’ என்று சொல்லிக் கதவைத் திறக்கட்டும்.