பாடச்சுமைக் குறைப்பும் கருத்துத் தொடர்ச்சியும்: பத்தாம் வகுப்பு அறிவியல் பாட நீக்கங்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பெருந்தொற்றுக் காலத்தை அடுத்து, தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் கழகம் தன் பாடநூல்களில் மேற்கொண்ட நீக்கங்களுள் பத்தாம் வகுப்பு அறிவியல் நூல் சார்ந்தவற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. சுமையைக் குறைத்தல் என்னும் நோக்கம் ஏற்கத்தக்கது. எனினும் நீக்கத்திற்குத் தெரிவு செய்யப்பட்ட பகுதிகள் அந்நோக்கத்திற்கே மாறாக அமைந்துள்ளன என்பது இதன் துணிபு. தமிழ்நாட்டு மாநிலப் பாடநூல் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

குறிச்சொற்கள்: பாடத்திட்டம், பாடச்சுமை, பரிணாமம், தனிம வரிசை அட்டவணை, கலைச்சொல்.

முன்னுரை

பாடச்சுமை பற்றிய கவலை புதிதன்று. 1993இல் வெளிவந்த யஷ்பால் குழு அறிக்கை, புத்தகப் பையின் எடையைவிடப் புரியாமல் படிக்க நேரும் சுமையே கொடியது என்று சுட்டியது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் இக்கருத்தைத் தன் அடிப்படைகளுள் ஒன்றாகக் கொண்டது. பாடப்பொருளை இன்றியமையாத மையக் கருத்துகளின் அளவிற்குச் சுருக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கூறுகிறது. இப்பின்னணியில் 2022இல் நீக்கப் பட்டியல் வெளியாயிற்று. 2023இல் திருத்திய நூல்கள் அச்சேறின. அவ்வாண்டு ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையொப்பமிட்ட மடல் ஒன்று, பரிணாமம் பற்றிய பகுதியை மீண்டும் சேர்க்குமாறு கோரியது.

நீக்கப்பட்டவையும் காட்டப்பட்ட காரணங்களும்

தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு, ஆற்றல் மூலங்கள், இயற்கை வள மேலாண்மை ஆகிய இயல்கள் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து முழுமையாக நீங்கின. ‘பாரம்பரியமும் பரிணாமமும்’ என்று இருந்த இயல் ‘பாரம்பரியம்’ எனச் சுருங்கிற்று. மின்காந்தத் தூண்டல், மின் இயக்கி, மின்னாக்கி ஆகியனவும் விடுபட்டன. ஒன்பதாம் வகுப்பில், நாம் ஏன் நோயுறுகிறோம் என்பதை விளக்கிய இயல் கைவிடப்பட்டது. ஒரு பெருந்தொற்று முடிவுறும் தறுவாயில் இது நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது.

ஒரே வகுப்பின் பிற பாடங்களிலும், கீழ் அல்லது மேல் வகுப்புகளிலும் ஒத்த செய்தி இடம்பெறுதல், கடினத்தன்மை, மாணவர் தாமே எளிதில் கற்கக்கூடியதாயிருத்தல், இன்றைய சூழலுக்குப் பொருந்தாமை ஆகியன நீக்கத்திற்கான அளவுகோல்களாகக் கூறப்பட்டன. இவற்றுள் ‘மேல் வகுப்பில் உள்ளது’ என்பதே ஆழ்ந்த ஆய்வுக்குரியது. பரிணாமம் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலிலும், தனிம வரிசை அட்டவணை பதினொன்றாம் வகுப்பு வேதியியலிலும் உள்ளன என்பது உண்மையே. ஆயினும் அறிவியல் அனைவருக்கும் கட்டாயப் பாடமாக இருப்பது பத்தாம் வகுப்பு வரைதான். வணிகவியல், வரலாறு முதலிய பிரிவுகளுக்குச் செல்லும் மாணவர்க்கு மேல் வகுப்பு உயிரியல் எட்டாத ஒன்று. ஆதலின், ‘பின்னர்ப் படிக்கலாம்’ என்னும் விடை அவர்களைப் பொறுத்தவரை ‘படிக்க வேண்டியதில்லை’ என்பதற்கு ஒப்பாகிறது.

ஒழுங்குபடுத்தும் கருத்துகள்

அறிவியல் பாடப்பொருளை இரு வகையாகப் பகுக்கலாம். ஒன்று, தனித்தனியே நினைவிற்கொள்ளும் செய்தி. மற்றொன்று, பல செய்திகளை ஒரு கோட்பாட்டின்கீழ்க் கொணர்ந்து நினைவின் பாரத்தைத் தணிக்கும் கருத்து. ஆவர்த்தன வகைப்பாடு இரண்டாம் வகையைச் சார்ந்தது. 1869இல் மெண்டெலீவ் தம் அட்டவணையை அமைத்தபோது அறியப்பட்டிருந்த தனிமங்கள் ஏறத்தாழ 63. அவர் வெற்றிடங்களை விட்டு, அங்கு வரவேண்டிய தனிமங்களின் பண்புகளை முன்கூட்டியே கூறினார். காலியம் 1875இலும் ஜெர்மானியம் 1886இலும் கண்டறியப்பட்டு அக்கூற்றை மெய்ப்பித்தன. அறிவியல் கோட்பாடு என்பது யாது என்பதைப் பதினைந்து வயது மாணவர்க்கு உணர்த்த இதனினும் எளிய சான்று அரிது.

அட்டவணை நீங்கினும், உலோகங்களும் அலோகங்களும், கார்பனும் அதன் சேர்மங்களும் ஆகிய இயல்கள் அந்நூலில் நிலைபெற்றுள்ளன. சோடியமும் பொட்டாசியமும் குளிர்ந்த நீருடன் வேகமாக வினைபுரிகின்றன; மக்னீசியத்திற்குச் சுடுநீர் வேண்டும். முன்னிரண்டும் ஒரே தொகுதியைச் சார்ந்தவை என்பதை அட்டவணை வழி உணர்ந்த மாணவர்க்கு இதன் காரணம் ஓரளவு விளங்கும். அஃதின்றி இது மனப்பாடத்திற்குரிய மற்றொரு பட்டியலே. பக்கங்கள் குறைந்தன; சுமை குறையவில்லை.

பாரம்பரிய இயலின் நிலையும் இதுவே. மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வும், தலைமுறைதோறும் வேறுபாடுகள் திரளும் செய்தியும் தொடர்கின்றன. அவ்வேறுபாடுகள் காலப்போக்கில் எவ்விளைவைத் தருகின்றன என்னும் வினாவிற்கு விடை மட்டும் அகற்றப்பட்டுவிட்டது. பழைய நூல் பரிணாமத்தை முன்னேற்றத்துடன் ஒன்றாகக் கருதலாகாது என விளக்கியது. மனிதர் அனைவரும் ஒரே சிற்றினம் என்பதையும், மனித இனங்கள் என்ற பாகுபாட்டிற்கு உயிரியல் அடிப்படை இல்லை என்பதையும் எடுத்துரைத்தது. பிறப்பின் வழி உயர்வு தாழ்வு கற்பிக்கும் சமூகத்தில் இப்பகுதியின் இழப்பு தேர்வு மதிப்பெண்ணோடு நின்றுவிடுவதன்று.

தமிழ்நாட்டுப் பாடநூல்: ஓர் ஒப்பீடு

2017இல் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் அமைந்த கலைத்திட்டக் குழுவின் வழி உருவான மாநிலப் பாடநூல், ‘தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு’, ‘உயிரியின் தோற்றமும் பரிணாமமும்’ ஆகிய இரண்டையும் பத்தாம் வகுப்பிலேயே தருகிறது. மரபியலை அடுத்துப் பரிணாமத்தை வைத்த வரிசைமுறை பாராட்டுக்குரியது. எனினும் இந்நூலும் குறையற்றதன்று. பரிணாம அலகின் இறுதியில் வட்டார இனத் தாவரவியலும் வான்வெளி உயிரியலும் சுருக்கமாகச் சேர்க்கப்பட்டு, அலகின் ஒருமை தளர்கிறது. ஓரிடத்தில் மையக் கருத்து வெட்டப்பட, மற்றோரிடத்தில் அது பலவற்றுள் ஒன்றாகக் கரைகிறது.

தமிழ்வழி மாணவர்க்குக் கலைச்சொல் சார்ந்த சிக்கலும் உண்டு. பொதுவழக்கில் ‘பரிணாம வளர்ச்சி’ என்னும் தொடரே பரவலாக உள்ளது. இதில் ‘வளர்ச்சி’ என்னும் சொல், உயிரினங்கள் தாழ்ந்த நிலையினின்று உயர்ந்த நிலை நோக்கிச் செல்வதாகிய தவறான பொருளைத் தானே ஏற்றிவிடுகிறது. ‘படிமலர்ச்சி’ என்னும் ஆக்கத்திலும் படியேற்றத்தின் சாயல் உண்டு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும் ‘கூர்ப்பு’ முன்னேற்றப் பொருளை இவ்வளவு வெளிப்படையாகச் சுமப்பதில்லை. சொல்லே பிழையான கருத்திற்கு இடந்தரும் மொழியில், அப்பிழையைக் களையும் விளக்கப் பகுதி கூடுதல் இன்றியமையாமை பெறுகிறது. மாநில நூலின் அடுத்த திருத்தம் இதனைக் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.

முடிவுரை

சுமையைப் பக்க எண்ணிக்கையால் அளந்ததே இந்நீக்கங்களின் அடிப்படைக் குறை. ஒரு பகுதியை நீக்குமுன், எஞ்சியவற்றுள் எவை அதனைச் சார்ந்து நிற்கின்றன, பத்தாம் வகுப்போடு அறிவியலை விடும் மாணவர்க்கு அது வேறெங்கேனும் கிட்டுமா என்னும் இரு வினாக்கள் எழுப்பப்பட வேண்டும். தனிம வரிசை அட்டவணையும் பரிணாமமும் இவ்விரு வினாக்களின்முன் நீக்கத்திற்குரியனவாகத் தேறவில்லை. தனித்த செய்திகளைக் குறைத்து இவற்றை நிறுத்தியிருப்பின், யஷ்பால் குழு கருதிய சுமைக் குறைப்பு ஓரளவேனும் கைகூடியிருக்கும்.