மேற்கோளும் மூடிய கதவும்

மதங்களுக்கிடையே இணக்கம் என்று பேச ஆரம்பித்தாலே ஒரு கேள்வி முன்னால் வந்து நிற்கிறது: “இதற்கு உங்கள் நூலில் ஆதாரம் எங்கே?” நாகூர்க் கந்தூரிக்குப் போகும் இந்துவை அவனுடைய ஆட்கள் கேட்கிறார்கள். தர்காவில் பாத்திஹா ஓதும் முஸ்லிமை அவனுடைய ஆட்கள் கேட்கிறார்கள். வேளாங்கண்ணியில் முடி காணிக்கை செலுத்துபவனையும் யாரோ கேட்கிறார்கள். கேட்பவர்கள் ஒருவரையொருவர் வெறுப்பவர்கள். ஆனால் கேள்வியும் அதன் தொனியும் ஒன்றே. கூடவே இன்னொரு குற்றச்சாட்டும் வருகிறது. ஷெய்கிடம் கைகொடுத்து உபதேசம் பெறும் சூஃபி தரீக்காக்கள், தீட்சை பெற்றவர்களுக்கு மட்டுமான வட்டங்கள், ஃப்ரீமேசன் லாட்ஜுகள் இவையெல்லாம் எதற்காகக் கதவைச் சாத்திக்கொள்கின்றன? நல்ல காரியத்திற்கு ரகசியம் எதற்கு?

இந்த இரண்டு குற்றச்சாட்டுகளுக்கும் வழக்கமாகச் சொல்லப்படும் பதில் எனக்கு உடன்பாடில்லை. ‘எங்கள் நூலிலும் சமரசம் இருக்கிறது, இதோ பார்’ என்று எதிர் மேற்கோள் காட்டுகிறார்கள் நம் முற்போக்கு நண்பர்கள். மேற்கோளுக்கு மேற்கோள் என்ற ஆட்டத்தில் இறங்கினாலே தோல்விதான். ஏனென்றால், மனிதன் பக்கத்து வீட்டுக்காரனை மதிக்க முதலில் நூலிடம் அனுமதி பெற வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த ஆட்டமே தொடங்குகிறது.

வங்கியில் காசோலையின் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. ஒத்துப்போகிறதா இல்லையா என்பதற்கு மேல் அதில் யோசிக்க எதுவுமில்லை. காசோலைக்கு அது போதும். ஒரு கவிதைக்கோ ஒருவனுடைய வழிபாட்டுக்கோ அது போதாது. நன்னூலைக் கையில் வைத்துக்கொண்டு புதுக்கவிதையைத் தள்ளிய பண்டிதர்களை இலக்கிய உலகில் நாம் நன்றாக அறிவோம். அவர்கள் கவிதையைப் படிக்கவில்லை; ஒப்பிட்டார்கள். சாத்திர விமர்சகர் செய்வதும் அதே ஒப்பிடல்தான். அதற்கு விமர்சனம் என்ற பெயர் கிடைத்துவிட்டதுதான் வேடிக்கை.

தமிழில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1865இல் ராமலிங்கர் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். சாதி, சமயம், சாத்திரம் எல்லாவற்றையும் தாண்டிய பொது நெறி என்று சொல்லிக்கொண்ட ஒரு வட்டம். அவருடைய பாடல்களை அன்பர்கள் ‘திருவருட்பா’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1869இல் ‘போலியருட்பா மறுப்பு’ எழுதினார். அதே ஆண்டு விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. இருவரும் மறைந்த பிறகும் அருட்பா–மருட்பாச் சண்டை இருபதாம் நூற்றாண்டுக்குள் நீண்டது.

நாவலரைக் கேலிச் சித்திரமாக்குவது சுலபம். நான் அதைச் செய்யப் போவதில்லை. பெர்சிவல் பாதிரியாருடன் பைபிள் தமிழாக்கத்தில் உழைத்துவிட்டு, பிறகு பாதிரிமாரின் பிரசாரத்தை அவர்களுடைய ஆயுதங்களாலேயே எதிர்கொண்டவர் அவர். அச்சு, பள்ளிக்கூடம், பிரசங்கம், சுத்தப் பதிப்பு எல்லாம் அந்தப் போராட்டத்தில் உருவானவை. முற்றுகைக்குள் இருப்பவனுக்கு எல்லைக்கோடு முக்கியம். தேவார திருவாசகத்தை அருட்பா என்று போற்றும் மரபில், உயிரோடிருக்கும் ஒருவருடைய பாட்டுக்கு அந்தப் பெயரைச் சூட்டினால் எல்லை அழிந்துபோகும் என்று அவர் பயந்தார். பயத்தில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் வழக்கின் மையத்தில் பட்டியல்தான் இருந்தது, பாட்டு இல்லை. இந்தப் பாட்டு ஒருவனுக்குள் என்ன செய்கிறது என்ற கேள்வியைப் பட்டியலால் கேட்க முடியாது. பின்னால் அருட்பாவின் பக்கம் நின்று வாதாடியவர்களில் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் முக்கியமானவர். அவர் முஸ்லிம். சைவத் திருமுறைகளுக்குள் எது சேரும், எது சேராது என்பதில் அவருக்குச் சொந்த லாபம் எதுவுமில்லை. பாட்டைப் பாட்டாகப் படிக்க அதுவே அவருக்கு உதவியிருக்கும் என்று எனக்குப் படுகிறது.

ரகசியத்துக்கு வருவோம். அது என்னவோ வெளியிலிருந்து வந்த வியாதி போலப் பேசுகிறார்கள். தமிழ் வைணவத்தில் ‘ரகசியம்’ என்பது ஒரு இலக்கிய வகையின் பெயர். பிள்ளை லோகாசாரியரின் பதினெட்டு நூல்களுக்கு அஷ்டாதச ரகசியங்கள் என்றே பெயர். சைவ ஆதீனங்களில் தீட்சை படிப்படியாகத் தரப்படுகிறது. சித்தர்கள் பரிபாஷையில் எழுதினார்கள். தஞ்சை ஜில்லாக்காரனுக்கு மூடிய கதவு ஒன்றும் அந்நியமல்ல.

ஃப்ரீமேசன் சங்கமும் அப்படியொன்றும் தூரத்து விஷயமல்ல. ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் அதில் சேர்ந்தார். மேசனான முதல் இந்தியர் என்று அவரைச் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் தலைமை லாட்ஜ் அவருக்குச் சடங்குக்குரிய ஏப்ரனும் விதிப் புத்தகமும் அனுப்பியது. அவர் பாரசீகத்தில் பதில் எழுதி, பொற்சரிகை உறையில் வைத்து அனுப்பினார். 1723இல் அச்சான அந்த விதிப் புத்தகம், எல்லா மனிதரும் ஒத்துக்கொள்ளும் மதம் போதும், மற்ற அபிப்பிராயங்களை அவரவர் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. லாட்ஜுக்குள் மதச் சண்டைக்கும் அரசியல் சண்டைக்கும் தடை. உறுப்பினருடைய மதத்துக்கேற்ப பைபிளோ குர்ஆனோ கீதையோ அங்கே வைக்கப்படும். போப்பாண்டவர் 1738இலேயே இதைக் கண்டித்தார். 1884இல் மறுபடியும் கண்டனம். 1983இல் வாடிகன் தன் நிலை மாறவில்லை என்று அறிவித்தது. நம் ஜனங்களுடைய கண்டனம் இன்னும் சுவாரஸ்யம். சேருகிறவனின் தலையை வெட்டி மறுபடி ஒட்டவைப்பதாக நம்பி, லாட்ஜுக்குத் ‘தலைவெட்டுக் கோவில்’ என்று பேர் வைத்தார்கள். 1886இல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி இதைக் குறித்து வைத்திருக்கிறது.

கதவு ஏன் மூடப்பட்டது என்பதற்கு எனக்குத் தெரிகிற காரணம் எளிமையானது. தெருவில் மனிதன் தன் நூலின் பிரதிநிதியாகத்தான் நிற்க முடிகிறது. நாலு பேர் பார்க்கிறார்கள். யாரும் பார்க்காத அறையில் அந்த வக்கீல் வேலையைக் கொஞ்ச நேரம் இறக்கி வைக்கலாம். மாற்று மதத்தவனோடு உட்கார்ந்ததற்காக ஊர்விலக்கு வரக்கூடிய இடத்தில் ரகசியம் கோழைத்தனமல்ல. பேச்சு நடப்பதற்குக் குறைந்தபட்சத் தேவை.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் என் வாதம் பாதிப் பொய். சகோதரத்துவத்தில் சேர்ந்த அதே உம்தத்-உல்-உமராதான் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1771இல், தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்ட படையோடு வந்தவர். 1773இல் தஞ்சை நவாபின் கையில் விழுந்தது. 1776இல்தான் துளஜா மன்னருக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த இடைக்காலத்தில் திருச்சியில் எந்த அறைக்குள் என்ன உறுதிமொழி எடுக்கப்பட்டிருந்தாலும் தஞ்சாவூர்க் குடியானவனுக்கு அது எட்டவில்லை. இன்னொன்று. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் 1863இல் மேசனாக விண்ணப்பித்தார், சேர்க்கப்பட்டது 1872இல். இந்துக்கள் ஒரே கடவுளை நம்புகிறவர்கள்தானா என்ற சந்தேகமே தடை. சாத்திரத்திலிருந்து தப்பித்து ஒளிந்துகொண்ட அறைக்குள்ளும் சாத்திரப் பரிசோதகர் உட்கார்ந்திருந்தார். நம் தீட்சைகளிலும் சாதி என்ற பரிசோதகர் வெகுகாலம் வாசலில் உட்கார்ந்திருந்தார். திருக்கோட்டியூரில் குருவின் கட்டளையை மீறி ராமானுஜர் மந்திரத்தைக் கோபுரத்தின் மேலிருந்து சொன்னதாக வழங்கும் கதை, ரகசியத்தைப் பதுக்கலாக மாற்றியவர்களுக்கு மரபே கொடுத்த பதில்.

ஆகவே மூடிய கதவு தன்னளவில் புனிதமுமல்ல, குற்றமுமல்ல. உள்ளே போனவர்கள் வெளியே நிற்பவனிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி. இணக்கத்துக்கும் இதுவே உரைகல். 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங் நாகூரில் எழுப்பிய மினார் 131 அடி. எந்தச் சுலோகத்தின் ஆதாரத்தில் கட்டினார் என்று தேடுவது வீண் வேலை, கட்டினார், நிற்கிறது. மாயூரத்து முன்சீப் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். 1878இல் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ வெளியிட்டார். திருவாவடுதுறை ஆதீன வித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்தூர்க் கோவை பாடினார். இரண்டு பேருமே தத்தம் மதத்தைத் தளர்த்திக்கொள்ளவில்லை; ஒருவரையொருவர் மதமாற்றவும் முனையவில்லை. தமிழ் அவர்களுக்குப் பொது அறையாக இருந்தது.

இது பழங்கதை என்று சொல்பவர்கள் கும்பகோணத்துப் பெரிய கடைத் தெருவிலும் கூத்தாநல்லூரிலும் வியாபாரிகள் எழுதும் துண்டுச் சீட்டுகளைப் பார்க்கட்டும். ஒருவர் மேலே பிள்ளையார் சுழி போடுகிறார், ஒருவர் 786, ஒருவர் சிலுவை. சுழிக்கும் 786க்கும் வேதத்தில் ஆதாரம் இல்லை என்று நிரூபிக்க அதிகப் படிப்பு தேவையில்லை. அந்தச் சீட்டை வாங்குகிறவன் கீழே உள்ள தொகையைப் பார்க்கிறான். மேலே உள்ள குறியை அது எழுதியவனுக்கே விட்டுவிடுகிறான். சகிப்பு என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். தத்துவம் பேசாது. தெரியாமல் நடப்பதல்ல; தெரிந்தே கேட்காமல் விடுவது. அதை ‘ஆதாரம் எங்கே’ என்று கேட்டு வாயைத் திறக்க வைப்பவன் அறியாமையைப் போக்கவில்லை. இருந்த ஒரு மரியாதையைப் போக்குகிறான்.

வடலூரில் 1867இல் தருமச்சாலை தொடங்கியது. 1872இல் ஞானசபை. சபையில் ஜோதிக்கு முன்னால் ஏழு திரைகள். உள்ளே போகக் கொலையும் புலாலும் தவிர்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. நிபந்தனையோடு நாம் உடன்படலாம், படாமலும் இருக்கலாம். ஆனால் சாலையில் சாப்பிட வருகிறவனுக்கு எந்த நிபந்தனையும் கிடையாது. அவன் என்ன மதம், எந்த நூலை நம்புகிறான், திரைக்குப் பின்னால் இருப்பதைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது. அருட்பா திருமுறையில் சேருமா என்று இரண்டு தலைமுறை சண்டை போட்டது. அந்தச் சண்டையின் பிரசுரங்களை இன்று தேடிப் பிடித்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.