சீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி

பிக்கப் கேபினில் பாட்டு எடுபடாது என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள், ஒழுங்காகப் பெட்டி கட்டிய ஒரு பொலேரோ பிக்கப்பில் உட்கார்ந்து கேட்காதவர்கள். அவர்கள் அடுக்கும் குறைகள் எனக்கு மனப்பாடம். டீசல் இரைச்சல், நட்டமாக நிற்கும் பின்சுவர், டிக்கி கிடையாது, இரண்டே கதவு, தலைக்கு மேலே வெறும் தகரம். இரைச்சலையும் தகரத்தையும் ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் பேஸுக்குக் கிடைத்த வரம்.

கேபினின் நீளம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதைப்போல இரு மடங்கு நீளமுள்ள அலை சுமார் 115 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போகப்போக, அடைத்த கேபினே சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். கணக்குப்படி ஆக்டேவுக்கு 12 டெசிபல். ஓட்டை இல்லாத மூடிய பெட்டியின் சத்தம் கீழே இறங்குவதும் ஏறக்குறைய அதே 12 டெசிபல் சரிவில்தான். இது ஏற, அது இறங்க, நடுவில் பாட்டு சமமாக நிற்கிறது. இரண்டரை மீட்டர் நீளமுள்ள செடானில் இந்த உதவி 70 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் தொடங்கும். கூரைத் தகரம் அதிர்வதாலும் கதவு ரப்பரில் காற்று கசிவதாலும் நிஜத்தில் முழு 12 கிடைக்காது என்பது உண்மை. கிடைக்கிற மட்டுமே போதும். சின்ன வண்டி, சின்ன வூஃபர், சின்ன ஆம்ப் என்றால் மட்டம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு கணக்கைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஆகவே எல்லாம் பெட்டியில் இருக்கிறது. திருவல்லிக்கேணியில் இருந்துகொண்டு பெட்டிக்கு வேறு ஊர் போக வேண்டியதில்லை. டெக்கும் ஸ்பீக்கரும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில், வயரும் கப்ளரும் ரிச்சி தெருவில், பழைய பிராக்கெட் எதுவானாலும் புதுப்பேட்டையில். எல்லாம் நடந்து போகிற தூரம். நான் சொல்ல வருகிற பாய்க்கு இந்த மூன்று இடத்திலும் கடை இல்லை. ஜாம் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், போர்டு இல்லாத ஒரு பட்டறை. முதலில் தச்சர், அப்புறம்தான் ஆடியோ. வூஃபர் எது வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டு போனால், "அத அப்புறம் வாங்கிக்கலாம் சார், மொதல்ல சீட்டக் கழட்டுங்க" என்பார்.

சீட்டைக் கழற்றியதும் முதுகுக்கும் பின்சுவருக்கும் நடுவே தெரிகிற இடுக்கு மேலே குறுகலாகவும் கீழே கொஞ்சம் அகலமாகவும் இருக்கும். பாய் அதை டேப் வைத்து அளப்பதில்லை. அட்டையை வைத்துக் கத்தரித்துக் கத்தரித்து, சீட்டைத் திரும்பப் பூட்டி, டிரைவரை உட்காரவைத்துச் சாயச் சொல்லி, முதுகு எங்கே இடிக்கிறது என்று பார்த்து மறுபடி கத்தரிப்பார். அந்த அட்டைதான் பெட்டியின் அச்சு. பிறகு 18 மில்லிமீட்டர் பிளைவுட். கார் கடைகளில் எல்லாரும் எம்.டி.எஃப் போடும்போது இவர் தொடவே மாட்டார். மீன் லோடு ஏற்றுகிற வண்டியைத் தினமும் ஹோஸ் பிடித்துக் கழுவுகிறார்கள். தண்ணீர் பட்ட எம்.டி.எஃப் உப்பி, மூலை விட்டுப்போகும். மூலைக்கு மூலை உள்ளே சட்டம், ஃபெவிகால், ஸ்க்ரூ, அதற்கு மேல் சிலிகான். ஒரு சாய்வுப் பலகையை இழைத்துப் பொருத்துவதற்கே அரை நாள் எடுத்துக்கொள்வார்.

உள்ளே அடைப்பதற்கு பாலியெஸ்டர் பஞ்சு கடையில் கிடைக்கிறது. பாய் இலவம்பஞ்சுதான் வைப்பார். பஞ்சு அடைத்தால் பெட்டிக்குள் காற்று சூடேறுவது குறைந்து, இருப்பதைவிடப் பெரிய பெட்டிபோல் நடந்துகொள்ளும் என்பது தெரிந்ததே. இலவம்பஞ்சு நாளடைவில் தூளாகும் என்று சிலர் வாதிடுகிறார்கள். மெல்லிய காடாத் துணியில் தைத்து அடைத்தால் ஆகாது என்பது என் பதில். அதோடு எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது.

கடைசியில் வரும் சோதனையைப் பார்ப்பதற்காகவே நான் அந்தப் பட்டறைக்குப் போவதுண்டு. வூஃபரைப் பூட்டிவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் கோனை மெதுவாக, வளையாமல், நேராக உள்ளே அழுத்துவார். கையை எடுத்ததும் கோன் சட்டென்று துள்ளி வந்தால் பெட்டியில் கசிவு. தயங்கித் தயங்கி, காற்றை மனசில்லாமல் விடுகிற மாதிரி ஏறி வந்தால் பெட்டி தேறியது. சந்தேகம் இருந்தால் ஊதுபத்தியைக் கொளுத்தி, பாட்டு ஓடும்போது மூட்டுகளின் ஓரமாகக் கொண்டுபோவார். புகை எங்கே துடிக்கிறதோ அங்கே இன்னொரு கோடு சிலிகான். இதற்கெல்லாம் மீட்டர் எதுவும் இல்லை. இதைவிட நல்ல மீட்டரும் எனக்குத் தெரியாது.

ஓட்டை விட்டுப் போர்ட் வைத்த பெட்டிக்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர்கள் கேட்பது வேறு. 45 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்த பெட்டி அந்த இடத்தில் முழங்கும், சட்டையே அதிரும். அந்த இடத்தைத் தாண்டிய சுரங்களும் அதே சுரம்போலக் கேட்கும். இளையராஜாவின் பாட்டுகளில் சசிதரனின் பேஸ் கிடார் பல்லவிக்கு ஒரு வழி, சரணத்துக்கு ஒரு வழி என்று தனியாக நடந்துபோகிறது. ஒவ்வொரு சுரமும் தொடங்கி, நின்று, அடுத்ததற்கு இடம் விட வேண்டும். 1978-ல் 'ப்ரியா' பாட்டுகள் ஸ்டீரியோவில் பதிவாகி வந்ததைக் கொண்டாடிய ஊர் இது. அந்தப் பேஸை ஒரே 'தும் தும்' ஆக்கிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. இன்னும் கறாரான சோதனை வேண்டுமா? காரைக்குடி மணியின் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போடுங்கள். தொப்பியில் கும்கி கீழிருந்து மேலே வழுக்கி ஏறுவது மூடிய பெட்டியில் வழுக்கலாகவே கேட்கும். போர்ட் பெட்டியில் அது ஒரு முட்டு, பிறகு ஒரு மௌனம்.

லோடு தட்டில் ஹாரன் வைத்துத் தெருவுக்கே பாடுகிறவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. அது வேறு தொழில்.

வயரிங் பற்றிச் சுருக்கமாக. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ். செம்பு பூசிய அலுமினிய வயர் வேண்டாம், முழுச் செம்பு. எர்த்து போடுகிற இடத்தில் பெயின்டைச் சுரண்டி, தகரம் பளபளவென்று தெரிந்த பிறகே போல்ட். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஊய்ங்' என்று ஏறுகிற சத்தத்துக்கு ஃபில்டர் வாங்கச் சொல்லும் கடைக்காரரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பெரும்பாலும் எர்த்துதான் காரணம். ஆம்ப்பின் மேலே 1500 வாட்ஸ் என்று எழுதியிருந்தால் பக்கத்தில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ், வண்டி ஓடும்போது 13.8 வோல்ட், உள்ளே போவதே 414 வாட். அதிலும் கொஞ்சம் சூடாகப் போய்விடும். மூடிய பெட்டியில் பத்து இன்ச் வூஃபருக்கு 200 வாட் ஆர்.எம்.எஸ். தாராளம்.

எண்பதுகளில் பைகிராப்ட்ஸ் ரோட்டுப் பக்கம் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, டி.டி.கே. 90-க்காக வாரக்கணக்கில் காத்திருந்த தலைமுறை நான். மெட்டடார் வேனில் இரண்டு ஓவல் ஸ்பீக்கர்தான் இருக்கும். ஆனாலும் அதை மாட்டியவர் பலகையை வெட்டி, ஃபெல்ட் ஒட்டி, விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, 'டொங்' என்று கேட்டால் கழற்றி மறுபடி போடுவார். இன்று பத்து இன்ச் தொடுதிரை டெக்குக்குக் கொடுக்கிற காசில் கால்வாசியைக்கூடக் கதவுக்குக் கொடுக்க ஆள் இல்லை. சீட்டுக்கு அடியில் செருகுகிற ரெடிமேட் சப் அரை மணியில் மாட்டிவிடலாம் என்பதுதான் அதன் ஒரே குணம். தட்டையான அலுமினியப் பெட்டியில் எட்டு இன்ச் கோன் மூச்சு வாங்குவதை 'பஞ்ச்' என்று விற்கிறார்கள். அண்மையில் ஒரு கடையில் கதவு பேடைக் கழற்றாமலேயே டேம்பிங் ஷீட் ஒட்டியதாகப் பில் போட்டார்கள். ஷீட் பேடின் முதுகில் இருந்தது. அதிரப்போகும் தகரம் அப்படியே இருந்தது.

குட்டியானைக்கு இந்த வித்தை அப்படியே பொருந்தாது. 2005-ல் வந்த டாடா ஏஸில் இரண்டு சிலிண்டர் இன்ஜின் சீட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே பெட்டி வைத்தால் சூட்டில் பசை விட்டுப்போகும். பாய் அதற்கு உதவியாளர் காலடியில், ஃபயர்வால் ஓரமாக, எட்டு இன்ச்சுக்கு ஒரு முக்கோணப் பெட்டி செய்கிறார். கால் நீட்ட இடம் குறையும். ஆனால் பேஸ் முன்னாலிருந்தே வருவதால் பாடகரும் பேஸும் ஒரே மேடையில் நிற்பார்கள். பொலேரோவில் அதற்கு டெக்கில் டைம் அலைன்மென்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டும்.

பாட்டைக் கேட்டு முடிவு செய்வதை மட்டும் பட்டறை வாசலில் செய்யாதீர்கள். நிற்கிற வண்டியில் சரியாக இருக்கும் பேஸ், கிழக்குக் கடற்கரைச் சாலையில் அறுபதைத் தொட்டதும் டயர் இரைச்சலில் பாதி முழுகிவிடும். சப் லெவலை மூன்று டெசிபல் கூட்டி, கதவு ஸ்பீக்கரை 80 ஹெர்ட்ஸில் வெட்டி, ஜன்னலை ஏற்றிவிட்டு ஓட்டிக் கேட்டபின் பாயிடம் திரும்பி வந்து மீதிப் பணத்தைக் கொடுங்கள். அவர் அதற்கு முன்னால் கேட்கவும் மாட்டார்.