எடைக்குப் போட முடியாத புத்தகங்கள்

போன வாரம் அலமாரியை ஒழித்தபோது ஒரு சிடி அகப்பட்டது. 2002-ல் கிரெடிட் கார்டில் காசு கொடுத்து வாங்கிய பதினோரு ஆங்கில நாவல்கள். ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், திறந்தால் 'முதலில் பதிவு செய்து கொள்ளவும்' என்கிறது. எங்கே போய்ப் பதிவு செய்வது? விற்ற கம்பெனி (பெயர் வேண்டாம்) போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அதே வருஷம் திருவல்லிக்கேணி பிளாட்பாரத்தில் பத்து ரூபாய்க்கு வாங்கிய உட்ஹவுஸ், அட்டை கிழிந்து, நடுவில் பூச்சி துளை போட்டும் இன்னமும் சிரிக்க வைக்கிறது.

இது என் சொந்த சோகம் மட்டும் இல்லை. மின்புத்தகத்தின் சரித்திரமே பெரிய கம்பெனி சின்னக் கம்பெனியை விழுங்கிய கதைதான். 1998-ல் கலிபோர்னியாவில் ராக்கெட் ஈபுக் என்று ஒரு கருவி வந்தது. கூடவே போட்டிக்கு சாஃப்ட்புக். இரண்டையும் 2000-ல் ஜெம்ஸ்டார் என்கிற ஒரே நிறுவனம் வாங்கியது. 2003-ல் அந்தக் கடையைச் சாத்திவிட்டது. ராக்கெட்டை உருவாக்கிய எபர்ஹார்டும் டார்பெனிங்கும் அதே வருஷம் கார் செய்யக் கிளம்பினார்கள். கம்பெனிக்கு வைத்த பெயர், டெஸ்லா.

சுவாரஸ்யமான கேஸ் மொபிபாக்கெட். 2000-ல் பிரான்சில் பிறந்த சின்னக் கம்பெனி. அதன் புத்தகங்கள் பாம், பாக்கெட் பிசி, சிம்பியன் போன் என்று எதிலும் ஓடின. 2005-ல் அமேஸான் இதை வாங்கியபோது பலர் சந்தோஷப்பட்டார்கள். 2007 நவம்பரில் 399 டாலருக்கு கிண்டில் வந்தது. உள்ளே இருந்தது ஏறக்குறைய அதே மொபி ஃபார்மட். பூட்டு மட்டும் வேறு. அதனால் மொபிபாக்கெட்டில் பூட்டோடு காசு கொடுத்து வாங்கியவனின் புத்தகம், அதே முதலாளியின் கிண்டிலில் திறக்காது! அண்ணன் வீட்டுச் சாவி தம்பி வீட்டுக்குச் சேராத பாகப்பிரிவினை.

இதற்கு இரண்டே மாதம் முன்னால், 2007 செப்டம்பரில், பதிப்பாளர்களும் கம்ப்யூட்டர்காரர்களும் கூடி 'ஈபப்' என்ற பொதுத் தரத்தை அறிவித்திருந்தார்கள். அதில் மர்மம் எதுவும் இல்லை. ஃபைல் பெயரின் வாலில் ஜிப் என்று மாற்றித் திறந்து பார்த்தால் வெப் பக்கங்கள் மாதிரி அத்தியாயங்கள் வரிசையாக இருக்கும். கிண்டில் அதைத் தொடவில்லை. 2009-ல் சோனி தன் சொந்த ஃபார்மட்டைக் கைவிட்டு ஈபப்புக்கு மாறியது.

அப்புறம் எல்லாம் சுபம்தானே என்று கேட்பீர்கள். இல்லை ஸார். ஈபப்பிலும் ஆப்பிள் ஒரு பூட்டுப் போட்டது, அடோபி ஒரு பூட்டு, பார்ன்ஸ் அண்ட் நோபிள் இன்னொன்று. ஃபார்மட் சண்டை என்று பக்கம் பக்கமாக எழுதிய விமரிசகர்கள் (நானும் எழுதியிருக்கிறேன்) கதவைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தோம். விஷயம் பூட்டில் இருந்தது.

2009 இந்தத் துறைக்குக் கல்யாண சீசன். மார்ச்சில் பார்ன்ஸ் அண்ட் நோபிள், ஃபிக்‌ஷன்வைஸை 157 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஏப்ரலில் ஐபோனில் இலவசமாக ஈபப் படிக்க உதவிய ஸ்டான்ஸாவை, அதை எழுதிய கம்பெனியோடு சேர்த்து அமேஸான் வாங்கியது. இரண்டு மணப்பெண்களையும் சில வருஷம் கழித்துக் காணவில்லை.

அதே வருஷம் ஜூலையில்தான் அந்த அற்புதம் நடந்தது. உரிமை இல்லாத ஒருவர் விற்ற ஆர்வெல்லின் '1984' நாவலை, வாங்கியவர்களின் கிண்டிலில் இருந்தே அமேஸான் அழித்தது. காசு திருப்பித் தரப்பட்டது. பள்ளிப் பாடத்துக்காக ஒரு மாணவன் எடுத்து வைத்திருந்த குறிப்புகள் அந்தரத்தில் நின்றன. ஜெஃப் பெஸோஸ், செய்தது முட்டாள்தனம் என்று மன்னிப்புக் கேட்டார். வேறு எந்த நாவலை அழித்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக இருந்திருக்காது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். 2016 டிசம்பரில் தமிழ்ப் புத்தகங்களை முறையாகக் கிண்டிலுக்குக் கொண்டு வந்ததும் அமேஸான்தான். கடையை மூடிவிட்டு ஓடாதவர்களும் அவர்களே. மைக்ரோசாஃப்ட் 2019-ல் மின்புத்தகக் கடையை மூடியபோது, பணத்தைக் கொடுத்துவிட்டுப் புத்தகங்களைப் பறித்துக்கொண்டது. ஆனால், 2025 பிப்ரவரியில் அமேஸான், வாங்கிய புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றிக்கொள்ளும் வசதியை எடுத்துவிட்டது. பிரதி எடுத்து வைத்துக்கொள்ள இருந்த சின்ன ஜன்னலும் போச்சு. அந்த ஜனவரியில் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. 'வாங்கு' என்று பட்டன் வைத்தால், கிடைப்பது வெறும் அனுமதிதான் என்பதைப் பளிச்சென்று சொல்லியாக வேண்டும். நம் ஊருக்கு அப்படி ஒன்று வந்தால் தேவலை.

சிடியை வாசலில் வந்த பழைய பேப்பர்காரரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எடை நிக்காது ஸார்" என்று கையில் கொடுத்துவிட்டார். உட்ஹவுஸைக் கேட்டார். தரவில்லை.