திருமுகமும் தெருமுகமும்

ஒரு நடிகர் திரையில் ஒருமுறை இயேசுவாகத் தோன்றிவிட்டால், அதன்பின் அவர் வேறு எவராகத் தோன்றினாலும் மக்கள் மனம் அதை எளிதில் ஏற்பதில்லை. அவர் முகம் ஒரு திருவுருவம் ஆகிவிடுகிறது. ஆங்கிலேய நடிகர் எச்.பி. வார்னருக்கு நேர்ந்தது இதுவே. ஆயினும் அவரது கலைவாழ்வு முழுவதையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, அந்தத் திருவுருவத்தைவிட, பின்னர் அவர் ஏற்ற சிறுவேடம் ஒன்றே நற்செய்திக்கு நெருக்கமாக நிற்பதாக நமக்குத் தோன்றுகிறது.

ஹென்றி பைரன் வார்னர் லண்டனில் ஒரு நாடகக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை சார்லஸ் வார்னர், எமிலி ஸோலாவின் புதினத்தைத் தழுவி 1879இல் அரங்கேறிய 'டிரிங்க்' என்னும் நாடகத்தில், குடியால் அழியும் தொழிலாளியாக நடித்துப் பெரும்புகழ் ஈட்டினார். மகன் அமெரிக்க மேடைக்குச் சென்றார். மனந்திருந்திய திருடன் ஜிம்மி வாலன்டைனாக 1910இல் நியூயார்க்கில் பெயர்பெற்றார். 1914இல் 'கோஸ்ட் பிரேக்கர்' என்ற ஊமைப்படத்தில் கதாநாயகனாக நடித்தார். அதன் இயக்கத்தில் பங்குகொண்டவர் செசில் பி. டெமில். அதே டெமில்தான் பின்னாளில் 'அரசர்க்கு அரசர்' என்னும் பெரும்படத்தில் இயேசுவின் வேடத்தை அவருக்கு அளித்தார்.

அப்படம் 1927 ஏப்ரலில் நியூயார்க்கில் வெளியாயிற்று. அப்போது வார்னர் ஐம்பதைத் தாண்டியிருந்தார். "உமக்கு இன்னும் ஐம்பது வயதாகவில்லை" என்ற பொருளில் யூதர் இயேசுவிடம் கூறியதை யோவான் எட்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இதைக் கொண்டு, ஆண்டவர் முதிர்ந்த வயதையும் எட்டினார் என்று புனித இரனேயு வாதிட்டதுண்டு. திருச்சபை அக்கருத்தைப் பின்பற்றவில்லை. எனினும் வார்னரின் இயேசுவைக் காண்போருக்கு, அவர் இளைஞர் அல்லர், தந்தையை ஒத்தவர் என்ற எண்ணமே எழுகிறது.

படப்பிடிப்பின்போது டெமில் விதித்த கட்டுப்பாடுகள் இன்றும் பேசப்படுகின்றன. வேடம் பூண்ட வார்னரை மூடிய காரில், முகத்திரையுடன் அழைத்து வந்தனர். அவர் தனித்தே உணவருந்தினார். இரவு விடுதியும் சீட்டாட்டமும் அவருக்கு விலக்கப்பட்டன. அவரும், அன்னை மரியாளாக நடித்த டோரதி கம்மிங்கும், தங்கள் புனிதத் தோற்றத்துக்கு இழுக்காகும் வேடங்களை ஐந்தாண்டுகள் ஏற்பதில்லை என்று ஒப்பந்தம் செய்தனர். இயேசு சபைக் குரு டேனியல் லார்ட் படத்துக்கு ஆலோசகராய் இருந்தார். படப்பிடிப்புத் தளத்தில் திருப்பலியும் நிறைவேற்றினார்.

இவற்றில் பக்தியும் உண்டு, விளம்பரமும் உண்டு. நம்மைச் சிந்திக்க வைப்பது வேறொன்று. தூய்மை என்பது விலகி நிற்பதே என்னும் கருத்து இந்த ஏற்பாடுகளின் அடியில் இருக்கிறது. அவர்கள் யாரைச் சித்திரிக்க முயன்றார்களோ, அவரோ வரிதண்டுவோருடன் பந்தியமர்ந்தவர், தொழுநோயாளரைத் தொட்டவர், போசனப்பிரியன், குடிகாரன் என்று பழிக்கப்பட்டவர். வார்னர் தனியே அமர்ந்து உண்டார். ஆண்டவர் ஒருபோதும் அப்படி உண்ண விரும்பியதில்லை.

படத்தின் சிறப்புகளை மறுப்பதற்கில்லை. பார்வையற்ற சிறுமி ஒருத்தி இயேசுவிடம் வருகிறாள். நமக்கும் அதுவரை அவர் முகம் காட்டப்படவில்லை. திரை இருண்டிருக்கிறது, மெல்ல ஒளி பரவுகிறது, அவள் கண்கள் திறக்க, அவள் பார்வை வழியாகவே நாம் அம்முகத்தை முதன்முதல் காண்கிறோம். விசுவாசம் ஒரு கொடை என்பதை இதைவிட அழகாகத் திரையில் சொல்வது அரிது. கால் ஒடிந்த பொம்மையைக் குழந்தை ஒன்று கொண்டுவர, அவர் அதைச் சரிசெய்து தருகிறார். தச்சுப்பட்டறையில் பழைய தொழில் நினைவோடு ஒரு மரத்தை இழைக்கிறார்; பிறகுதான் அது சிலுவை என்று தெரிகிறது. இக்காட்சிகளில் மனிதரான இயேசுவைச் சந்திக்கிறோம்.

ஏனைய இடங்களில் வார்னரின் அசைவுகள் மெல்லியவை; முகம் அமைதியானது; பின்புறமிருந்து ஒளி சூழ்கிறது. பசியோ, களைப்போ, சினமோ அவரை ஆழமாகத் தொடுவதாகத் தெரியவில்லை. கிறிஸ்துவின் உடல் வெறும் தோற்றமே என்று கூறிய பழந்தப்பறையைப் படம் போதிக்கிறது என்று நாம் சொல்லவில்லை. எனினும் அதன் வாசற்படிவரை வந்து நிற்கிறது. அவர் மெய்யாகவே மனிதர் என்று 451இல் கல்செதோன் பொதுச்சங்கம் அறிக்கையிட்டதன் வலிமையை இத்தகைய படங்களைப் பார்க்கும்போதே நாம் நன்கு உணர்கிறோம். யூத மக்களை இழிவுபடுத்துகிறது என்ற எதிர்ப்பும் அன்று எழுந்தது. டெமில் சில மாற்றங்களைச் செய்து, பழியைக் கயபாவின் தனித் தோளில் ஏற்றினார். யூத மக்கள்மீது பொதுவாகப் பழிசுமத்தலாகாது என்று திருச்சபை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் தெளிவாக உரைத்தது.

அதன்பின் வார்னர் குணச்சித்திர நடிகரானார். 1927லேயே 'சாரல் அண்டு சன்' படத்தில், மகனைப் படிக்கவைக்க விடுதியில் சுமைதூக்கும் முன்னாள் படையதிகாரியாக நடித்தார். சிசிலியில் பிறந்த கத்தோலிக்கரான இயக்குநர் ஃபிராங்க் காப்ரா, நீதிபதி, நொடித்துப்போன தொழிலதிபர், செனட்டர் எனச் சிறுசிறு வேடங்களைத் தொடர்ந்து அளித்தார். 'லாஸ்ட் ஹொரைசன்' படத்தில் சாங் என்ற வேடத்துக்காக, 1937ஆம் ஆண்டுப் படங்களுக்கான ஆஸ்கார் துணைநடிகர் விருதுக்கு வார்னரின் பெயர் முன்மொழியப்பட்டது. விருதைப் பெற்றவரோ ஜோசப் ஷில்ட்கிராட். 'அரசர்க்கு அரசர்' படத்தில் யூதாசாக நடித்த அதே நடிகர்.

நாம் மேலே குறிப்பிட்ட சிறுவேடம் 1946இல் வந்தது. காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தில் வார்னர், கோவர் என்னும் மருந்துக்கடைக்காரர். மகன் இறந்த தந்தி வந்திருக்கிறது. துயரத்திலும் குடியிலும் நிலைகுலைந்தவர், மருந்துக்குப் பதிலாக நஞ்சை உறைகளில் நிரப்பிவிடுகிறார். கடைப்பையன் ஜார்ஜ் அதைக் கண்டு, கொண்டுபோய்க் கொடுக்காமல் திரும்புகிறான். கோவர் அவனுடைய நோவுற்ற காதிலேயே அறைகிறார், இரத்தம் வடிகிறது. உண்மை தெரிந்ததும் அச்சிறுவனைக் கட்டிக்கொண்டு கதறுகிறார். தந்தை மேடையில் ஏற்ற குடிகாரன் வேடம், இத்தனை ஆண்டுகள் கழித்து மகனையும் வந்தடைந்தது.

அதே படத்தில், ஜார்ஜ் பிறக்காத உலகம் ஒன்று காட்டப்படுகிறது. அங்கே நஞ்சைத் தடுக்க எவரும் இல்லை. ஒரு குழந்தை இறந்தது. கோவர் இருபதாண்டுகள் சிறையில் கழித்தார். இப்போது கந்தையணிந்து மதுக்கடைக்குள் தள்ளாடி வருகிறார். கடைக்காரன் அவர் முகத்தில் சோடாநீரைப் பீய்ச்சி அடிக்கிறான். சுற்றி நின்றோர் சிரிக்கின்றனர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் முள்முடி சூட்டப்பட்டு, படைவீரரால் ஏளனம் செய்யப்பட்ட முகம் இதுவே. காப்ரா இதை எண்ணித்தான் வார்னரைத் தேர்ந்தாரா என்பது நம் கேள்வி அன்று. இருபடங்களையும் பார்த்தவருக்கு மத்தேயு 25ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தே தீரும். மிகச் சிறியோரில் ஒருவருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாகச் சொன்னவரின் முகத்தை, ஒளிவட்டம் இல்லாத அந்த முதியவரிடம் நாம் காண்கிறோம்.

1950இல் 'சன்செட் பூலவார்ட்' படத்தில் வார்னர் தாமாகவே தோன்றினார். மறக்கப்பட்ட பழம் நடிகர்கள் கூடிச் சீட்டாடும் காட்சி அது. அன்று விலக்கப்பட்டிருந்த சீட்டு இன்று அவர் கையில். பெயர் குறிக்கப்பட்ட அவருடைய கடைசி வேடம் 1956இல் டெமிலின் 'பத்துக் கட்டளைகள்' படத்தில் அமைந்தது. விடுதலைப் பயணத்தில் பிறர் தூக்கிச் செல்லும், சாவை நெருங்கிய முதியவர் அவர். அவர் சொல்லும் சொற்கள் 22ஆம் திருப்பாடலைச் சார்ந்தவை. சிலுவையில் ஆண்டவர் எழுப்பிய கதறல் அத்திருப்பாடலின் தொடக்கமே. 1958ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நான்கு நாள்கள் முன்பு வார்னர் காலமானார்.

திருவுருவங்களுக்கு நாம் செலுத்தும் வணக்கம், அவை சுட்டும் ஆளைச் சென்றடைகிறது என்று 787இல் இரண்டாம் நிசேயா சங்கம் போதித்தது. பாடுகளின் நாடகங்களையும் படங்களையும் தவக்காலத்தில் பார்க்கும் நாம், கண்ணீரோடு பார்ப்பது நன்று. ஆனால் அந்த வணக்கம் படத்தோடும் பீடத்தோடும் நின்றுவிடுவதற்கு வழியுண்டு. குடித்துவிட்டுக் கோவில் வாசலில் கிடக்கும் மனிதரை விலக்கிவிட்டுத்தான் நம்மில் பலர் திருப்பலிக்குள் நுழைகிறோம். அவருக்கு என்ன தந்தி வந்தது என்று நாம் கேட்பதில்லை. சிறுவன் ஜார்ஜ் அதை அறிந்திருந்தான், அடிவாங்கியபடியே உண்மையைச் சொன்னான்; அதனால் ஒரு குழந்தை பிழைத்தது, ஒரு முதியவரும் பிழைத்தார்.