இலத்தீனும் தமிழ் மாணவரும்

ஆங்கிலேயராட்சிக் காலத்தில் இலங்கையின் ஆங்கிலப் பாடசாலைகள் பலவற்றில் இலத்தீன் ஒரு பாடமாயிருந்தது. ஆங்கிலச் சொல்வளம் பெருகும், சிந்தனை ஒழுங்குபெறும் என்பனவே அதன் பயன்களாக இன்றும் எடுத்துரைக்கப்படுகின்றன. இவை பொய்யல்ல, எனினும் போதியனவுமல்ல. சொல்வளத்தை நல்ல ஆங்கில நூல்களே தரும். சிந்தனையொழுங்கை நன்னூலும் தரும். அங்ஙனமாயின், தமிழ் மாணவர் இலத்தீன் கற்பதால் எய்தும் தனிப்பயன் யாது?

சீகன்பால்குவின் தமிழிலக்கணம் 1716 இல் யேர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. அஃது இலத்தீனில் அமைந்த நூல். வீரமாமுனிவர் கொடுந்தமிழ், செந்தமிழ் இரண்டற்கும் ஐரோப்பியர் பொருட்டு இலக்கணம் எழுதியதும், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பெயர்த்ததும் அம்மொழியிலேயாம். அவர்தம் செந்தமிழிலக்கணத்தைப் பாபிங்டன் 1822 இல் ஆங்கிலமாக்கினார். மொழிபெயர்ப்பிருக்க மூலம் எதற்கு என வினவுவார் உளர். முனிவர் கூறிய பொருளை மொழிபெயர்ப்பு அறிவிக்கும். எச்சொல்லாற் கூறினார் என்பதை அறிவியாது. இலத்தீனுக்கு வேற்றுமை ஆறு; தமிழுக்கு எட்டு. ஆறு கண்டு பழகியவர் எட்டினை எங்ஙனம் விளங்கிக்கொண்டார் என்பதும், 'அறம்' என்பதற்கு எச்சொல்லைத் தேர்ந்தார் என்பதும் மூலத்திலேயே புலப்படும்.

பன்மொழி கற்ற தனிநாயக அடிகள், 1679 இல் அச்சான புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீச அகராதியை 1966 இல் மீளப் பதிப்பித்தார். பிறமொழியறிவு தாய்மொழிக்கு ஆற்றும் தொண்டிற்கு அது சான்று. எல்லாரும் இலத்தீன் கற்கவேண்டுமென்பது எம் கருத்தன்று. இரத்மலானையிற் பயிலும் நம் மாணவருள் இருவர் மூவரேனும் கற்பாராயின், நம் மொழியைப்பற்றிப் பிறர் எழுதியவற்றை நாமே படித்து நிறுத்துப் பார்க்கும் தகுதி நமக்கு வாய்க்கும்.